ஆறும் பன்னிரண்டும்

பிரிக்பீல்ட்ஸ்,
9 மார்ச் 2025

அன்புள்ள அமுதா அக்காவுக்கு,

ஷாமினி எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். நீயும், கிஷன் குட்டியும், உன் வீட்டுக்காரர் விஜயன் மாமாவும், உன் மாமியார் இராஜம்மா அத்தையும் அங்கே அப்படியே இருக்கிறீர்களா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அம்மா செய்வது போலத் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறேன். பிரிக்கும்போதே நல்ல சேதி என்று உனக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் இல்லாத கடிதம் வந்தால் வாசலில் நின்றே படிக்க வேண்டும், வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பாள் அம்மா. அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. மஞ்சள் டப்பா மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

நீ போனில் கூப்பிடும்போது நான் "ம்" தவிர எதுவும் சொல்வதில்லை என்று கோபித்துக்கொண்டாய். கோபம் நியாயம்தான். போனைக் காதில் வைத்தால் சொல்ல வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துபோகிறது. வீடியோவில் பேசினாலோ என் முகம் ஓரத்தில் சின்னதாகத் தெரிகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிடுகிறேன், நீ சொல்வது காதில் விழுவதில்லை. ஒரே வீட்டில் இருந்தபோதே நாம் கதவுக்கு அடியில் சீட்டுத் தள்ளிப் பேசியவர்கள்தானே. இனிமேல் எழுதுகிறேன். நீயும் எழுது.

நல்ல சேதி என்னவென்றால், எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கணினி முன் உட்காரும் வேலை கிடைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை, நானும்தான். சேலைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக்காக அங்கே வீடியோ பார்க்கிறார்கள். வீடியோவில் இருப்பவர்கள் எல்லாரும் புதிதாகப் பிள்ளை பெற்ற அம்மாக்கள். சம்மதம் எழுதிக் கொடுத்தவர்கள். ஒரு நர்ஸ் மிஸ்ஸி கேள்வி கேட்பார், அவர்கள் பதில் சொல்வார்கள். சத்தத்தை விட முகம்தான் எங்களுக்கு வேலை. புருவம் எப்போது ஏறுகிறது, உதட்டோரம் எப்போது இறங்குகிறது என்று நிறுத்தி நிறுத்திக் குறிக்க வேண்டும். நாங்கள் குறிப்பதைப் பார்த்துக் கணினி கற்றுக்கொள்ளுமாம். பிறகு மனச்சோர்வு இருக்கிறவர்களை முகத்தைப் பார்த்தே அடையாளம் காட்டுமாம்.

எனக்கு ஏற்ற வேலை, அக்கா. நான் எத்தனை முகத்தை வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த முகமும் என்னைத் திரும்பிப் பார்க்காது.

பதில் போடு. கிஷனின் உள்ளங்காலில் எனக்காக ஒரு முத்தம்.

உன் தங்கை,
ஷாமினி


கிள்ளான்,
17 மார்ச் 2025

அன்புத் தங்கை ஷாமினிக்கு,

உன் கடிதம் மஞ்சள் வாசனையோடு வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு இருமல் விட்டதா? கேட்டில் ஜாகா நிற்கப் போகும்போது மழைக்கோட்டு எடுத்துப் போகச் சொல்.

வேலை கிடைத்ததைக் கேட்டு அத்தை உனக்காகப் பாயசம் வைத்தார். நான்தான் இரண்டு கிண்ணம் குடித்தேன். உன்னைப் பற்றி அத்தை கேட்டார்: "உன் தங்கச்சி ஆபீஸ்ல வாயத் தொறக்குமா, இல்ல சீட்டு எழுதிக் குடுக்குமா?" நான் பதில் சொல்வதற்குள் அவரே சிரித்துவிட்டார்.

மாமா கண்டெய்னர் லோரியில் ஜொகூர் போனால் இரண்டு நாள், பினாங்கு போனால் மூன்று நாள். வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றுவார். அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, தூங்க வைத்துவிட்டுத்தான் தன் காப்பியைக் குடிப்பார். எனக்கு வேலையே வைப்பதில்லை. இவ்வளவு நல்லவர்கள் யாருக்குக் கிடைப்பார்கள் சொல்.

ஐந்தாம் மாடியில் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் தூரத்தில் கொமுட்டர் ரயில் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போகிற வண்டியாக இருந்தால் அது வளைவில் மறையும் வரை நிற்பேன். ஒரு மணி நேரத்தில் அது உன் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் வேலையைப் பற்றி நிறைய எழுது. முகத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சிரித்துக்கொண்டே இருப்பவர்களைக் கூடவா கண்டுபிடித்துவிடும்? எதைப் பார்த்து? தெளிவாக எழுது. எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

உன் அக்கா,
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
1 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அப்பாவின் இருமல் போய்விட்டது. உங்கள் எல்லாருக்கும் உடம்பு எப்படி? கிஷன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டானா?

நோன்புப் பெருநாளுக்கு ஆபீஸ் இரண்டு நாள் மூடியிருக்கிறது. அதனால் நீ கேட்டதை நிதானமாக எழுதுகிறேன். யாருடைய முகம், என்ன சொன்னார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எப்படிப் பார்க்கிறோம் என்று சொல்லலாம்.

முகத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் எண் இருக்கிறது. புருவத்தின் உள்முனை மேலே போனால் ஒன்று. உதட்டோரம் கீழே இறங்கினால் பதினைந்து. எனக்கு மிகவும் பிடித்தவை ஆறும் பன்னிரண்டும். உதட்டோரம் மேலே ஏறினால் அது பன்னிரண்டு. கன்னம் தூக்கிக்கொண்டு, கண்ணோரத்தில் சின்னச் சுருக்கம் விழுந்தால் அது ஆறு. இரண்டும் சேர்ந்து வந்தால் மனதிலிருந்து வரும் சிரிப்பு. பன்னிரண்டு மட்டும் தனியாக வந்தால் மரியாதைச் சிரிப்பு, விருந்தாளிக்குக் காட்டுவது. சிரித்துக்கொண்டே இருப்பவர்களைக் கண்டுபிடிக்குமா என்று கேட்டாய் அல்லவா? முதலில் கண்ணோரத்தைத்தான் பார்ப்போம்.

எங்கள் மேற்பார்வையாளர் மார்க்கிரட் ஆன்டி. முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக இருந்தவர். கண்ணாடிக்கு மேலே பார்த்துத்தான் பேசுவார். முதல் வாரம் நான் ஒரு முகத்துக்குப் பக்கத்தில் "பாவம், சோகமாக இருக்கிறார்" என்று எழுதிவிட்டேன். அதை அழிக்கச் சொன்னார். "நீ என்ன நினைக்கிறேங்கறது வேணாம்மா. என்ன அசையுது, என்ன அசையலன்னு மட்டும் போடு" என்றார். அசையாததையும் குறிக்க வேண்டும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஜெயமாலா அக்கா. மூன்று பிள்ளைக்காரி. "என் மூஞ்ச அந்த மெஷின்ல போட்டா, மெஷினுக்கே டிப்ரஷன் வந்துரும் லா" என்பார். அவர் சொல்லும்போது ஆறு, பன்னிரண்டு இரண்டும் இருக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நம் ஆட்கள் கஷ்டத்தைச் சொல்லும்போதுதான் அதிகமாகச் சிரிக்கிறார்கள். "தூக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டு உடனே ஒரு பன்னிரண்டு. "ஒன்னும் இல்ல, சும்மா" என்று இன்னொரு பன்னிரண்டு. நான் குறித்துக்கொண்டே போகிறேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் "பெலாபுவான் கிளாங்" என்று அறிவிப்பது ஜன்னலில் கேட்கும்போதெல்லாம் நீ நினைவுக்கு வருகிறாய். அந்த வண்டி உன் ஊரைத் தாண்டித்தானே போகும். தனியாக ரயில் ஏற எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அப்பாவுக்கு லீவு கிடைத்ததும் வருகிறோம்.

உன்னுடைய ஒரு படம் அனுப்பு. போனில் வேண்டாம், தாளில். தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உன் தங்கை,
ஷாமினி


கிள்ளான்,
25 ஏப்ரல் 2025

அன்புத் தங்கை ஷாமினிக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு குறையும் இல்லை. பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

மூன்று மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோனோம். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பத்துக் கேள்வி, தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று. எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாகவே போட்டேன். மிஸ்ஸிக்கு என்னைப் பார்த்து ஒரே சந்தோஷம்.

நீ கேட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாமா எடுத்தது. தாளில் போட்டு வாங்க அவர் கடை கடையாகத் தேடி அலைந்தார்.

இப்போது வரவேண்டாம். வீடு கலைந்து கிடக்கிறது. நானே சொல்கிறேன்.

அப்பாவைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் படம் வந்ததிலிருந்து இன்னும் நன்றாக இருக்கிறோம். அத்தை, மாமா, கிஷன் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

படத்தைப் பார்த்ததும் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? வேலைப் பழக்கம். விரலால் உதட்டை மறைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்தேன். கண்ணோரத்தில் சுருக்கம் இருக்கிறது. கன்னம் தூக்கியிருக்கிறது. பிறகு கண்ணை மறைத்து உதட்டைப் பார்த்தேன். ஆறும் இருக்கிறது, பன்னிரண்டும் இருக்கிறது. எனக்குள் என்னவோ ஒரு பயம் இருந்திருக்கிறது போல. அது போன பிறகுதான் இருந்ததே தெரிந்தது.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா சாயல் வந்துருச்சு" என்றார். வேலைக்குப் போகும்போது படத்தைச் சட்டைப் பையில் எடுத்துப் போய்விட்டார். மறுநாள் நான் கெஞ்சித்தான் திரும்ப வாங்கினேன்.

கிஷனுக்கு ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். மஞ்சளில் யானை போட்டது. அவன் வளர்வதற்குள் கூப்பிடு, அக்கா.

எழுது. சின்னதாக இருந்தாலும் எழுது.

உன் தங்கை,
ஷாமினி


பிரிக்பீல்ட்ஸ்,
1 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எதுவும் இல்லையே? எங்களுக்கு எதுவும் இல்லை.

ஒரு மாதமாகிறது. தினமும் வேலை முடிந்து வந்ததும் கீழே கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். மின்சாரப் பில்லும், பீசா கடை விளம்பரமும்தான் இருக்கின்றன. அந்த விளம்பரத்தையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

போன சனிக்கிழமை நானே உனக்குப் போன் செய்து, எப்படி இருக்கே என்று கேட்டேன். நானாக ஒருவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நல்லா இருக்கேன்டி, பிள்ள அழுவுது, வச்சிர்றேன்" என்றாய். பதினோரு விநாடி என்று போன் காட்டியது. நான் "ம்" என்று கூடச் சொல்லி முடிக்கவில்லை. அக்கா, பிள்ளை அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நான் சரியாகக் கவனிக்கவில்லையோ என்னவோ.

யானைச் சட்டை இன்னும் பையில்தான் இருக்கிறது.

உன் தங்கை,
ஷாமினி


கிள்ளான்,
12 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். நீங்களும் சுகம்தானே. எழுத நேரம் கிடைப்பதில்லை, வேறொன்றும் இல்லை. பிள்ளை நன்றாக வளர்கிறது. துணி காயப்போடுவது கூட இப்போது அத்தைதான், எனக்கு அவ்வளவு ஓய்வு. கவலைப்படாதே.

அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்,
18 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவும் நானும் இருக்கிறோம். உன்னைத்தான் கேட்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. நான்கே வரி. மஞ்சளோ மூலையில் நிற்காமல் எழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. எடுத்த விரலெல்லாம் மஞ்சள். எழுத்து குறையக் குறைய உன் கடிதத்தில் மஞ்சள் கூடிக்கொண்டே வருகிறது.

மறுநாள் ஆபீஸில் முதல் தடவையாக நானாகப் போய் மார்க்கிரட் ஆன்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். ஜெயமாலா அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார். கன்னத்தை வேண்டுமென்றே தூக்க முடியுமா, ஆறு பொய்யாக வருமா என்று கேட்டேன். ஆன்டி கண்ணாடிக்கு மேலே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பழகினால் வரும் என்றார். அதனால்தான் ஒரு படத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. சிரிப்பு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போன பிறகு முகம் எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறது என்று பல நாள் பார்க்க வேண்டுமாம். அப்போதும் தப்பு வருமாம்.

அப்படியென்றால் இந்த மெஷினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மெஷின் யாருக்கு நோய்னு சொல்லாதும்மா. இவங்கள இன்னொரு தடவ கேளுன்னு சொல்லும், அவ்ளோதான். முத தடவ கேட்டா எல்லாரும் ஒன்னும் இல்லன்னுதான் சொல்வாங்க. நாமளும் அதோட விட்டுருவோம்."

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையும் படத்தையும் கட்டிலில் பரப்பினேன். வேலை செய்வது போலவே பார்த்தேன். நான் நினைப்பது வேண்டாம், என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மட்டும்.

கிஷன் என்ற பெயர் எங்கேயும் இல்லை, அக்கா. அந்தப் பெயரை நான் சொல்லி, நீ உடனே பிடித்திருக்கிறது என்று வைத்தாய். மூன்று கடிதத்திலும் "பிள்ளை" என்றுதான் இருக்கிறது. ரயிலைப் பார்க்க நின்ற இடத்துக்கு நீ இப்போது போவதில்லை. படத்தில் உன் முகத்தை மட்டுமே அன்று பார்த்தேன். இப்போது கையைப் பார்த்தேன். கிஷனின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறாய், வேறு யாரோ வாங்கிக்கொள்ள வரப்போவது போல. உன் நெஞ்சுக்கும் அவன் முதுகுக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருக்கிறது.

இது எல்லாம் என் தப்பான கணக்காக இருக்கலாம். நான் படிக்காதவள். இருந்தாலும் கேட்கிறேன். போனில் ஒரு தடவை கேட்டாகிவிட்டது, நீ பதில் சொல்லிவிட்டாய்.

அக்கா, நீ நன்றாக இருக்கிறாயா?

ஷாமினி


கிள்ளான்,
2 ஜூலை 2025

ஷாமினி,

மஞ்சள் வைக்கவில்லை. பயந்து வாசலிலேயே நின்றுவிடாதே. உள்ளே போய் உட்கார்ந்து படி. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

நான் நன்றாக இல்லை.

இந்த வரியை எழுத இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன், அத்தை கண்ணில் படும் என்று மறுபடி எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். மூன்று தடவை.

கோபப்படாமல் கேள். சிரிப்பைப் பற்றி நீ எழுதினாயே, அந்தக் கடிதத்தைக் குளியலறைக்குக் கொண்டுபோவேன். கண்ணாடி முன் நின்று பழகினேன். முதலில் உதட்டோரம், பிறகு கன்னம், பிறகு கண்ணோரம். முதல் வாரம் வலித்தது. அப்புறம் தானாக வந்தது. மாமா படம் எடுத்தபோது அதைத்தான் செய்தேன். நீ விரலால் மறைத்துப் பார்த்தேன் என்று எழுதியதைப் படித்து அன்று முழுக்க அழுதேன். கிளினிக்கிலும் அதையே செய்தேன். மிஸ்ஸி என்னிடம், "உங்கள மாதிரி எல்லா அம்மாவும் இருந்தா எங்களுக்கு வேல மிச்சம்" என்றார். பாஸானது போல இருந்தது. வெளியே வந்து காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது, இனிமேல் இதை யாருமே கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று.

எல்லாரும் நல்லவர்கள், ஷாமினி. அதுதான் கஷ்டம். மாமா குடிப்பவராக இருந்தால், அத்தை திட்டுபவராக இருந்தால், இதனால்தான் இப்படி இருக்கிறேன் என்று சொல்லலாம். ஒரு காரணமும் இல்லாமல் எப்படிச் சொல்வது? காலையில் கண் திறந்ததும் ராத்திரி எப்போது வரும் என்று இருக்கிறது. அவன் அழுதால் பக்கத்து வீட்டில் அழுவது போலக் கேட்கிறது. அன்று நீ போன் செய்தபோது அவன் அழவில்லை. தூங்கிக்கொண்டிருந்தான். உன் குரல் கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

பெயரை ஏன் எழுதவில்லை என்று எனக்கே தெரியாது. எழுதினால் அவன் என் பிள்ளை ஆகிவிடுவான். இவ்வளவு நல்ல பிள்ளைக்கு நானா அம்மா என்று இருக்கிறது.

துணி காயப்போட அத்தையைப் போகச் சொன்னது நான்தான். முதுகு வலி என்று பொய் சொன்னேன். அங்கே நின்றால் முன்பு ரயிலைப் பார்ப்பேன். இப்போது கண் கீழே போகிறது. அங்கே நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்குப் பன்னிரண்டு மட்டும்தான் வருகிறது. ஆறு வந்து எத்தனை மாதமோ.

நீ இரண்டாவது தடவை கேட்டதால் சொல்லிவிட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லாதே. இல்லை, சொன்னாலும் சொல். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

வா.

அக்கா


கிள்ளான், கிளினிக் பெஞ்சு,
7 ஜூலை 2025, திங்கட்கிழமை

அக்கா,

நலம் விசாரிக்கும் வரியை இன்று எழுதவில்லை. உள்ளே டாக்டர் விசாரித்துக்கொண்டிருக்கிறார். நீ அந்தக் கதவுக்குள் போய் இருபது நிமிடம் ஆகிறது. கிஷன் என் மடியில் தூங்குகிறான், அதனால் ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். இதற்கு ஸ்டாம்பு கிடையாது. நம் பழைய சீட்டு மாதிரி, நீ வெளியே வந்ததும் கையில் தள்ளுவேன்.

நேருக்கு நேர் சொல்ல வாய் வராதது கொஞ்சம் இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் உன் கடிதம் வந்தது. மூலையில் மஞ்சள் இல்லாததைப் பார்த்ததும் வாசலிலேயே பிரித்தேன். நீ சொன்னபடி உள்ளே வந்து உட்கார்ந்துதான் படித்தேன். அப்பா வேலையில் இருந்தார். நான் யானைச் சட்டையை எடுத்துக்கொண்டு, அவர் ஜாகா இருக்கும் கேட்டுக்குப் போய்க் கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தார். கையிலிருந்த சாவிக்கொத்தைத் தன்னோடு வேலை செய்யும் பரமேஸ்வரன் அங்கிளிடம் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பப் பார்த்தார். இரண்டு ஆள் இல்லாமல் கேட்டை விட முடியாது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதும் அப்பாவின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. "நான் போறேன்பா" என்றேன். "தனியாவா?" என்று கேட்டார். அவர் இன்னொரு தடவை கேட்பதற்குள் நடந்துவிட்டேன்.

சென்ட்ரலில் "பெலாபுவான் கிளாங்" என்று அறிவித்தார்கள். அந்தக் குரலை நான்கு மாதமாக ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறேன். ஏறி உட்காருவது அவ்வளவு பெரிய விஷயமாக இல்லை. இதற்காகவா இத்தனை நாள் என்று என் மேல்தான் கோபம் வந்தது. வழியெல்லாம் நான் எழுதிய அந்தக் கடிதத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒளிந்துகொள்வது எப்படி என்று நானே உனக்கு எண் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கே தேடுவோம் என்று நீ கேட்டபோது, ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

நீ கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாயே, அப்போது எனக்கு உன் முகமே தெரியவில்லை. நல்லதாயிற்று. பிறகு நீ தூங்கிவிட்டாய். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது.

அத்தை சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் இதுவரை "ஆமா அத்த", "இல்ல அத்த" தவிர எதுவும் பேசியதில்லை. நெடுநேரம் நின்றேன். பால் பொங்கியது. "அக்காவுக்கு உடம்பு சரியில்ல அத்த. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்" என்றேன். எனக்கே என் குரல் சத்தமாகக் கேட்டது.

அத்தை அடுப்பை அணைத்தார். "முதுகு வலியா?" என்றார்.

"இல்ல அத்த. மனசு. பிள்ள பொறந்த பிறகு சில பேருக்கு வர்ற நோய். காய்ச்சல் மாதிரிதான். யார் மேலயும் குத்தம் இல்ல. வீடியோவுல நான் நெறய பேரப் பாத்திருக்கேன்." இதற்கு முன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதாக எனக்கு நினைவில்லை.

நீ பயந்தது போல, உனக்கு என்ன குறை என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை காய்ந்த பிறகும். "குளிக்கிற ரூம்ல அழுவுற சத்தம் கேட்டுச்சு. ஒரு நாள் கேட்டேன். ஒன்னும் இல்ல அத்தன்னு சிரிச்சா. நானும் சரின்னு விட்டுட்டேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரு தடவதான் கேட்டேன்" என்றார்.

இந்த இரண்டு இரவும் அவர் உன் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தது முதுகுக்கு நல்லது என்பதற்காக இல்லை. அது உனக்குச் சொன்ன சமாதானம். துணி காயும் இடத்துக் கதவுக்கு மாமாவிடம் பூட்டு வாங்கி வரச் சொன்னதும் அவர்தான். மாமா ஜொகூர் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது வெளியே கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருப்பார். அத்தை காப்பி வாங்கப் போயிருக்கிறார், நான்கு பேருக்கும்.

இன்று காலையில் மார்க்கிரட் ஆன்டிக்குப் போன் செய்து ஒரு வாரம் லீவு கேட்டேன். நான்தான் பேசினேன். அக்காவுக்காக என்றதும் அவர் விவரம் கேட்கவில்லை. "டாக்டர் கேக்கறப்போ நீ உள்ள போகாத. அவங்களே சொல்லட்டும்" என்றார். அதனால்தான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், உன்னைத் தனியாக விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. கதவுக்கும் எனக்கும் எட்டு அடிதான் இருக்கும்.

மருந்து கொடுப்பார்கள், மறுபடி வரச் சொல்வார்கள், ஒரே நாளில் சரியாகாது என்று ஆன்டி சொன்னார். இருக்கட்டும். எனக்கு இப்போது ரயில் ஏறத் தெரியும்.

கிஷன் விழித்துவிட்டான். யானைச் சட்டை அவனுக்குச் சின்னதாகிவிட்டது, பொத்தான் போட முடியவில்லை. ஆனாலும் போட்டுவிட்டிருக்கிறேன். உன் கதவையே பார்க்கிறான்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அக்கா, வெளியே வரும்போது எங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உன் முகம் எப்படி இருக்கிறதோ அப்படியே வா. நான் எதையும் குறிக்க மாட்டேன்.

ஷாமினி